பருப்பு வேகாத தண்ணீர்

பட்டாளத்தார் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்க்க எங்கள் ஊர் டீக்கடையில் கூட்டம் நிற்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வலது உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரை வாங்குவார். சத்தத்தோடு உறிஞ்சுவார். ஒரு கன்னம் உப்பும், அது வற்றி மறு கன்னம் உப்பும். கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் இடது பக்கமாகத் துப்பிவிட்டு, புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு இரண்டே வகைதான். ஒன்று, "உசிருள்ள தண்ணி." மற்றது, "உசிரில்லாத தண்ணி." எந்தக் கிணற்றுக்கு எந்தத் தீர்ப்பு என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பேரன் பேத்திகள் நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்கள், என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். ஊரே பட்டாளத்தார் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். காக்கி அரைக்கால் சட்டை, அதன்மேல் பித்தளைக் கொக்கி போட்ட பெல்ட். சட்டை கிழிந்து தைத்து கிழிந்து தைத்து, ஒரு கட்டத்தில் தையல்தான் மிச்சமாக இருந்தது. கொக்கி மட்டும் தினமும் புளி போட்டு விளக்கிய பளபளப்பு. ஈராக் தேசத்துப் பஸ்ராவில் மோட்டார் செக்‌ஷனில் இருந்ததாகச் சொல்வார். சித்தையன்கோட்டைப் பக்கத்தில் பூவும் காயும் போட்டுப் பிழைக்கிற எங்கள் ஊரில் பஸ்ரா எந்தத் திசை என்று தெரிந்தவர்கள் கிடையாது. அதனால் அந்தக் கதைகளுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. பின்னால் நான் ஒரு வண்டி வாங்கியபோது அதன் ஸ்டியரிங்கைக் காட்டி, "மாமா, செத்த நேரம் ஓட்டிக் காட்டுங்களேன்" என்று கேட்டேன். "கண்ணாடி கொண்டாரலலே அப்பு" என்றார். அவர் கண்ணாடி போட்டு அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் பார்த்ததில்லை.

"தெரியாது" என்ற ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால் தெரியும். கோழி ஏன் அடையில் உட்காரவில்லை என்று கேட்டால் தெரியும். டீக்கடை ராவுத்தருக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு எரிச்சல் இருந்தது. ஒருநாள் ஒரே பானையிலிருந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு வைத்து, "இது ரெண்டுல எது உசிருள்ளது, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பட்டாளத்தார் இரண்டையும் வாங்கி, புரட்டி, துப்பினார். "இந்தா, இது பாறைக் கிணறு. உசிரு இருக்கு. அது கம்மாத் தண்ணி. எதுக்குய்யா வச்சிருக்க, கீழ ஊத்து."

"ரெண்டும் ஒரே பானைத் தண்ணிங்க" என்றார் ராவுத்தர். கடையே சிரித்தது.

வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். இவர் அசையவில்லை. "டம்ளர் மாறுனா தண்ணி மாறும்யா. ஒன்னு பித்தள, ஒன்னு ஈயம் பூசுனது. பட்டாளத்துல இதுக்குன்னே தனிப் பரீட்ச உண்டு." சிரித்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதில் என் தலையும் ஒன்று. இப்போது நினைத்தால் அதைக் கழற்றி வைத்துவிடலாமா என்றிருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு பிக்கப் வேன் வாங்கினேன். மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்டதை மதுரையில் ஒருவர் ஏலத்தில் எடுத்து, பச்சைக்கு மேல் நீலம் அடித்து விற்றார். பணம் என்னுடையது அல்ல. என் மனைவி ஞானத்துக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த பூந்தோட்டத்தில் பாதியை விற்று வாங்கியது. ஊரில் விளைகிற மல்லிகையை விடிந்ததும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும், அதுதான் தொழில். அதுவரை பஸ்ஸின் கூரையில் கூடையைப் போட்டு, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் என் வண்டிக்கு மாறினார்கள். நானே ராசா மாதிரி இருந்தேன்.

வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. ரேடியேட்டரில் எங்கேயோ கசிவு. தினம் அரை டின் தண்ணீர் கேட்கும். என்ன தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்று ஊர்க் கண்மாயில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் வாரமே பட்டாளத்தார் வந்து மூடியைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ஏலே, கம்மாத் தண்ணிய ஊத்திருக்க! இம்புட்டுப் பெரிய எஞ்சினு, நீ குடிக்காத தண்ணிய அது குடிக்குமா? பாறைக் கிணத்துத் தண்ணி ஊத்து. அதுதான் உசிருள்ளது. பஸ்ராவுல நாங்க அப்பிடித்தான் பாத்துப் பாத்து ஊத்துவோம்."

பாறைக் கிணறு ஊருக்கு வெளியே, பாறையைக் குடைந்து தோண்டியது. அதன் தண்ணீர் குடிக்க அருமையாக இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. தொண்டையில் இறங்கும்போதே ஒரு காரமும் குளிர்ச்சியும் தெரியும். அன்று முதல் வண்டிக்கு அதுதான். பட்டாளத்தாரே சில நாள் கிணற்றடியில் நின்று, டின்னுக்குள் விரலை விட்டு நக்கி, "ம், போடு" என்பார்.

ஞானம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "ஏங்க, அந்தக் கிணத்துத் தண்ணில பருப்பு வேகாதுங்க. வெந்நி காய்ச்சுனா சட்டில வெள்ளவெள்ளயா ஒட்டுது, தேச்சாலும் போகல. வண்டிக்குள்ளயும் வெந்நிதான காயுது?"

இதைவிடத் தெளிவாக யாராவது சொல்ல முடியுமா? படித்த எஞ்சினியர் சொல்லுவானா? நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நீ அடுப்பப் பாரு. இது எஞ்சின்."

அவள் விட்டுவிடவில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, என் வெள்ளை வேட்டியை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, அதற்கு நேர் கீழே அண்டாவை வைத்தாள். இரண்டு அண்டா நிறையப் பிடித்து, துணியால் வேடு கட்டி மூடி வைத்தாள். "இது வண்டிக்கு. இதுல பருப்பு பூவா மலருது" என்றாள்.

நான் என்ன செய்தேன்? பட்டாளத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வந்து உறிஞ்சினார், புரட்டினார், துப்பினார். முகம் கோணியது.

"சப்புன்னு இருக்குலே. மண்ணு படாத தண்ணிக்கு ஏது உசிரு? இத ஊத்துனா எஞ்சினு சோந்து போகும். பொம்பள பேச்சக் கேட்டு வண்டியக் கெடுத்துராத."

இரண்டு அண்டாத் தண்ணீரையும் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டினேன். ஞானம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டியை அவிழ்த்து, பிழிந்து, கொடியில் போட்டாள்.

இதிலாவது என் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்கும் வழியில்லாமல் ஒரு மனுஷன் வந்தான். மலைக்கு மேலே ஏதோ காப்பித் தோட்டத்து பிக்கப்பை ஓட்டுகிறவன், ராவுத்தர் கடையில் டீ குடிக்க நிறுத்தினான். என் வண்டி மாதிரியே வண்டி, ஆனால் எஞ்சின் ஓடுகிற சத்தமே வராது. ரேடியேட்டருக்கு என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

"மழத் தண்ணி பிடிச்சு வச்சிருப்போம்ங்க. அதுல இந்த மருந்தக் கலந்து ஊத்தச் சொல்லிருக்காரு தொர" என்று சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்துக் காட்டினான். உள்ளே பச்சையாக, எண்ணெய் போல ஏதோ. "மேல பனிக்கு உறையாது, ஏத்தத்துல கொதிக்காது. உங்களுக்கு இந்த மருந்து கெடைக்காதுங்க. மழத் தண்ணி மட்டுமாச்சும் ஊத்துங்க, அது போதும்."

பட்டாளத்தார் அதற்குள் டின்னில் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார். "ஐயோ, துப்புங்க, வெசமுங்க!" என்று அவன் அலறினான். ராவுத்தர் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். பட்டாளத்தார் கொப்புளித்துத் துப்பிவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இனிக்குது" என்றார். "இனிக்கிறது எப்படிய்யா வெசமாகும்? ஆனா ஒன்னு. இத ஊத்துனா எஞ்சினுக்குச் சக்கர வியாதி வந்துரும். தொரமாருக்குப் பணம் இருக்கு, எஞ்சின மாத்திக்குவான்."

அந்த டிரைவர் என்னைப் பார்த்தான். நான் அவன் கண்ணைத் தவிர்த்தேன். எஞ்சினுக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று ஒரு வளர்ந்த மனுஷன் சொல்கிறான், இன்னொரு வளர்ந்த மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாறைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறான். யாரை ஏசுவது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக ஆரம்பித்தது. பாதி வழியில் நிறுத்தி ஆற வைப்பேன். "உசிருள்ள தண்ணி, வேகம் காட்டுது" என்று பட்டாளத்தார் விளக்கம் சொன்னார்.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தம். ஊரில் உள்ள மொட்டு முழுவதும் என் வண்டியில். ஈரச் சாக்கு விரித்த கூடைகளுக்கு நடுவே ஞானம் உட்கார்ந்திருந்தாள், எங்கள் மிச்சப் பாதித் தோட்டத்துப் பூவும் அதில் இருந்தது. பட்டாளத்தார் டவுனில் சோலி இருக்கிறது என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ரேடியேட்டர் மூடி இடுக்கிலிருந்து ஆவி சீறியது. வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது.

எந்த டிரைவருக்கும் தெரியும், ஆற விட வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் பின்னால் பூ இருக்கிறது. சாலையை ஒட்டியே ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பட்டாளத்தார் இறங்கிப்போய், அத்தனை பதற்றத்திலும், உள்ளங்கையைக் குழித்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். உறிஞ்சினார். கன்னம் உப்பியது. அந்தக் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும்.

"உசிரில்லாத தண்ணி. இது ஆகாது. அந்தா பாரு, தோட்டத்துக் கிணறு. அதுல கொண்டா. சூட்டோட ஊத்துலே, இரும்பு அப்பத்தான் குடிக்கும்."

ஓடினேன். டின்னைத் தூக்கிக்கொண்டு வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். கொண்டுவந்ததை அவர் நக்கிப் பார்த்து, "ம், போடு" என்றார். கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஓடவே இல்லை.

முகூர்த்த நாள். போன இரண்டு பஸ்ஸும் படியில் ஆள் தொங்க நிற்காமல் போயின. மாட்டுவண்டி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவர உச்சியாகிவிட்டது. ஞானம் சாக்கை நனைத்து நனைத்துப் போர்த்திக்கொண்டே இருந்தாள். "மொட்டு வாயைத் தொறக்குதுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு சாக்கை நனைப்பதை நிறுத்திவிட்டாள். விரிந்த மல்லிகையை மார்க்கெட்டில் தொடமாட்டார்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இறங்கி, சாலையில் போகிற பெண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அள்ளிக் கொடுத்தாள். களையெடுக்கப் போனவர்கள், விறகு கொண்டுபோனவர்கள், நூல் மில்லிலிருந்து திரும்பியவர்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் போன பெண்கள் தலையெல்லாம் எங்கள் ஊர்ப் பூ. பட்டாளத்தார் மாட்டுவண்டியில் ஏறி டவுனுக்குப் போய்விட்டார். சோலி இருந்ததல்லவா.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் திண்டுக்கல் பட்டறையில் விட்டோம். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். வெள்ளை வெள்ளையாகத் தகடு உதிர்ந்தது. எஞ்சினுக்குள் உளியை விட்டு ஒரு பாளத்தைப் பெயர்த்து எடுத்து என் கையில் வைத்தார்.

"இது எஞ்சினா, சுண்ணாம்புக் காளவாசலாண்ணே? பருப்பு வேகாத தண்ணியாப் பாத்து ஊத்திருக்கீங்க. மழத் தண்ணி ஊத்தணும். இல்லாட்டி, வீட்டுல பொம்பளையாளுககிட்ட எந்தத் தண்ணில பருப்பு வேகும்னு கேட்டு ஊத்தணும். ப்ளாக்கு வெடிச்சிருச்சு. இனிமே எடைக்குத்தான் போகும்."

ஞானம் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அந்த வெள்ளைப் பாளத்தைத் துண்டில் முடிந்து ஊருக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் ராவுத்தர் கடையில், எல்லோரும் இருக்கும்போது, பட்டாளத்தாருக்கு முன்னால் பெஞ்சில் அவிழ்த்து வைத்தேன். "மாமா, உங்க உசிருள்ள தண்ணி. எஞ்சினுக்குள்ள இருந்துச்சு."

இன்றைக்காவது அந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம். "எனக்குத் தெரியலலே அப்பு" என்றால் போதும், எழுந்து போயிருப்பேன்.

அவர் ஒரு துணுக்கை ஒடித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். கன்னம் ஒன்று உப்பியது, மறு கன்னம் உப்பியது. துப்பினார்.

"நல்ல தண்ணியோட கல்லுய்யா இது. அதான் இம்புட்டு வெள்ளையா இருக்கு. தண்ணில கொறையில்ல. அந்தத் தகரத்துக்கு வாங்கிக்கத் தெரியல. மிலிட்டரில கழிச்சுப்போட்ட வண்டின்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

அப்படி அவர் ஒருநாளும் சொன்னதே இல்லை. ஆனால் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ராவுத்தர் மட்டும் டம்ளரை ஓங்கி வைத்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மனுஷனோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பூக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். நான் நத்தத்தில் ஒரு மாங்காய் வியாபாரியின் லாரிக்குச் சம்பள டிரைவராகப் போனேன். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். மிச்சப் பாதித் தோட்டத்தை ஞானம் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று ஐப்பசி கழிந்திருக்கும். நான் வீட்டில் இருந்த ஒருநாள் நல்ல மழை. முற்றத்தில் அதே நான்கு கம்பு, அதே மாதிரி ஒரு வேட்டி, கீழே அண்டா. இப்போது அது அடுப்படிக்கு மட்டும். மழை விட்டதும் பின்வாசல் வழியாகப் பட்டாளத்தாரின் மனைவி வந்தார். இடுப்பில் ஒரு சின்னக் குடம், அதன்மேல் முந்தானை. நான் உள்ளே படுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"ஞானம், ஒரு கொடம் குடு தாயி. பருப்புக்கு."

"இந்தாங்க அத்த. உங்க வீட்டுல பாறைக் கிணத்துத் தண்ணிதான?"

"அது அவரு குடிக்க. அதுல பருப்பு எங்குட்டு வேகும்? கல்யாணமான மாசத்துல இருந்து துணி தொவைக்கப் போறேன்னுட்டுக் கம்மாத் தண்ணிய அழுக்குத் துணிக்கு அடியில மறைச்சுக் கொண்டாந்துதான் பருப்பு வேக வைக்கேன். இப்ப முட்டி வலி, அம்புட்டுத் தூரம் நடக்க முடியல. அவருக்குத் தெரிஞ்சா வைவாரு. சாப்புட்டுட்டு என்ன சொல்லுவாருன்ற? 'பாத்தியா, பாறைக் கிணத்துத் தண்ணியோட ருசிய'ம்பாரு."

அவர் குடத்தை மறைத்துக்கொண்டு போனதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முப்பது வருஷமாக உசிரில்லாத தண்ணீரில் வெந்த பருப்பைத் தின்றுவிட்டு, ஊர்க் கிணற்றுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன நாக்கு! பாயில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எங்கள் பாதித் தோட்டத்தையும் வண்டியையும் தின்ற அந்த நாக்கைப் பற்றி இதைவிடக் கேவலமாக எனக்கே ஒன்றைச் சோடித்துச் சொல்ல வராது. இப்போதே ராவுத்தர் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று துண்டைத் தேடினேன்.

ஞானம் அண்டாவுக்கு வேடு கட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"போகாதீங்க" என்றாள். "அந்த அத்த அவுக வீட்டுக்காரர்ட்ட கேக்காமயே செஞ்சிருச்சு. பருப்பு வெந்துச்சு. நான் உங்ககிட்டச் சொல்லிட்டுச் செய்யணும்னு நின்னேன்."

முடிச்சை இறுக்கிவிட்டு உள்ளே போனாள். நான் துண்டைக் கொடியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.